முடியளவு இடைவெளி

டாக்டரம்மா லென்ஸைத் துடைக்கிறார். மூன்றாவது தடவை. மூக்குக்கண்ணாடியில் குட்டிக் குழல்களாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உருப்பெருக்கி லென்ஸ்களில் தூசு கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"துடைச்சுத் துடைச்சே தேஞ்சிடப் போகுது டாக்டர்," என்கிறாள் நர்ஸ். எட்டு வருடப் பழக்கம். வாய்க்குப் பூட்டு இல்லை.

"நீ உன் வேலையைப் பாரு."

இருபத்திரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பல் அடைத்தவர். கைராசிக்காரர் என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன் லென்ஸ் வந்த அன்று, சின்னப் பிள்ளை மாதிரி தன் கைரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தான் போட்ட பழைய அடைப்பு ஒன்றைப் பார்த்தார். அதோடு போயிற்று தூக்கம். வழவழவென்று இருப்பதாக நம்பிய விளிம்பில் முடியளவு இடைவெளி, அதற்குள் கறுப்பு. ஐயோ, இன்னும் எத்தனை வாயில் இப்படியோ! பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது கொட்டாவி விட்டால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். புதிதாக வருபவர்களுக்கு லென்ஸைத் துடைப்பதில்லை. அவரிடம் முன்பே பல் அடைத்துக்கொண்டவர்கள் வந்தால்தான் இந்தத் துடைப்பு.

இன்று நாற்காலியில் சொந்த அக்கா. பதினோரு வருடத்துக்கு முன் கடைவாய்ப்பல்லை அடைத்துவிட்டு, "இனி ஆயுசுக்கும் கவலையில்லைக்கா" என்று அளந்தவர் இவர்தான். அக்காவோ பார்ப்பவர்களிடமெல்லாம் அந்தப் பல்லைக் காட்டித் தங்கை பெருமை பேசியவள். அந்த நாளில் வந்தவர்களில் பாதிப் பேர் அவள் அனுப்பியவர்கள்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லடி. சில்லுனு குடிச்சா சுருக்குங்குது, அவ்வளவுதான். நீ போட்டது, அதுக்கு என்ன ஆகப்போகுது?"

டாக்டரம்மா குனிந்து பார்க்கிறார். விளிம்போரம் ஒரு கறுப்புக் கோடு. பல்லைத் துழாவும் கம்பியின் கூர்முனை அதில் இறங்கி நிற்கிறது. 'வயசாச்சுல்ல' என்று பல்லின் மேல் பழியைப் போட்டுவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கம்பியை வெளியே எடுத்து, லென்ஸை நெற்றிக்கு உயர்த்துகிறார்.

"அக்கா, நான் சரியா அடைக்கல. அப்பவே ஓரத்துல இடைவெளி விட்டிருக்கேன். உள்ள சொத்தை இறங்கியிருக்கு."

"நீயா?"

"நான்தான்."

அக்கா கன்னத்தின் மேல் கையை வைத்துக்கொள்கிறாள். பிறகு மெல்லக் கேட்கிறாள்: "நான் அனுப்பினவங்களுக்கெல்லாம்?"

"எல்லாரையும் ஒரு தடவை வரச் சொல்லுக்கா."

அக்கா மறுபடி வாயைத் திறக்கிறாள். நர்ஸ் பழக்கதோஷத்தில் துடைக்கிற துணியை நீட்டுகிறாள். டாக்டரம்மா அதை வாங்கவில்லை; லென்ஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு குனிகிறார்.