நகர்ந்தது படகா, நானா?

எலவனாசூர்கோட்டையில் நண்பன் சக்தியின் வயல் கிணற்றில், புதிதாக வாங்கிய நீச்சல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பாசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "இத கடல்லதான்டா போட்டுப் பாக்கணும்" என்றேன். தை மாதம் நானும் சக்தியும் இன்னும் இரண்டு நண்பர்களும் அந்தமானில், பாய்மரப் படகில் இருந்தோம்.

ஒரு குட்டித் தீவருகே நங்கூரம் போட்ட படகோட்டி, மிதவைச் சட்டையை நீட்டினார். "கெணத்துல மேலேருந்து குதிக்கிறவனுக்கு இது இன்னாத்துக்குண்ணே?" என்று குதித்துவிட்டேன்.

தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், மூச்சு விடும் குழாயைக் கடித்தபடி முகம் கவிழ்த்து மிதந்தேன். கீழே மஞ்சள் மீன்கள். கை காலை அசைக்கவில்லை, மீன்களும் கூடவே இருந்தன. அதனால் இருந்த இடத்திலேயே இருப்பதாக நினைத்தேன். கிணற்றில் அப்படித்தானே! தலையைத் தூக்கினால் படகு வெகு தூரத்தில். விட்டுவிட்டுப் போகிறார்களா? இடப்பக்கம் இருந்த தீவு வலப்பக்கம் எப்படி வந்தது? படகை நோக்கி நீந்தினேன், நெருங்கவே இல்லை. கை சோர்ந்து உப்புத் தண்ணீர் குடித்தேன். படகோட்டிதான் மிதவையோடு நீந்தி வந்து இழுத்துச் சேர்த்தார்.

"ஏன்டா என்ன வுட்டுட்டுப் போனீங்க?" என்று கத்தினேன்.

"நங்கூரம் போட்ட படகு எங்கடா போவும்? நீதான்டா செத்த மீனு மாதிரி போய்க்கினே இருந்த" என்றான் சக்தி.

நீரோட்டமாம். யாரும் தள்ளியது போலவே இல்லையே! ஊர் திரும்பிக் கள்ளக்குறிச்சி வந்து சேரும்வரை எனக்குப் பிடிபடவில்லை. மீன்களையும் என்னையும் சேர்த்தே ஓட்டம் கொண்டுபோயிருக்கிறது, அதனால்தான் நகர்ந்ததே தெரியவில்லை.

இப்போதெல்லாம் மிதவைச் சட்டை போட்டு, தேங்காய் மட்டை ஒன்றை வீசி, அது போகும் திசையைப் பார்த்த பிறகே கடலில் இறங்குகிறேன். அந்தத் தீவின் மறுபக்கம் ஆமைகள் மேயுமாம். வருகிற தையில் அங்கே இறங்கப் போகிறோம்.