பெடலை விடச் சொன்ன ஜமீலா

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். ஜிம் குழுவில் பயிற்சியாளர் கீர்த்தனாவின் குரல் செய்தி. எப்போதும் நம்மை அதட்டுகிற பெண், அன்று குரலே எழும்பவில்லை. "ஜமீலாம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலயே." இரண்டு முறை போட்டுக் கேட்டேன். முந்தின நாள் மதியம் வரை என்னோடு மல்லுக்கட்டியவள் எப்படிப் போவாள்? அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று அழுதேன்.

நம் பதினோரு மணி பேட்ச்சில் ஜமீலாவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் உங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளைத் தெரிந்தவள் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் பிரிவு சூப்பர்வைசர். அவள் என் லைனில் மிஷின் ஓட்டினாள். பன்னிரண்டு வருஷம். அப்போது எனக்குப் பொல்லாத வாய். தையல் ஒரு நூல் விலகினால் போதும், சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி 'ரிஜெக்ட்' என்று அவள் முன்னாலேயே போடுவேன். "சரி மேடம்" என்பாள். நான் நகர்ந்ததும் முதுகுக்குப் பின்னால் என்னைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டுவாள். லைனே சிரிக்கும். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

அப்புறம் அவள் வேலையை விட்டாள், நானும் ஓய்வு பெற்றேன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மகன் கொண்டுபோய் ஜிம்மில் விட்டான். உள்ளே போனால், அடியில் அரை உருண்டை வைத்த ஒரு பலகையின்மேல் ஒருத்தி கைகளை விரித்துக்கொண்டு தள்ளாடிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பலகையிலிருந்து இறங்கி, பழைய பழக்கத்தில் விறைப்பாக நின்றாள். மறு நிமிடம் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா மேடம், இங்கயும் செக்கிங் வந்துட்டீங்களா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் இரண்டு வாரம் நான் அந்தப் பலகையில் மூன்று நொடி நின்றதில்லை. ஏறியதும் முன்பக்கம் கவிழும். கீர்த்தனா இடுப்பைப் பிடித்தாள், நேரே பார்க்கச் சொன்னாள், மூச்சை இழுக்கச் சொன்னாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஜமீலா தரையில் உட்கார்ந்து என் வலது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பெருவிரலைத் தட்டினாள். "அக்கா, நீங்க இன்னும் மிஷின் மிதிக்கிறீங்க. லைன் எப்பவோ நின்னு போச்சு. பெடலை விடுங்க."

உண்மைதான். சூப்பர்வைசர் ஆவதற்கு முன் நானும் பல வருஷம் மிஷின் ஓட்டியவள். பயம் வந்தால் முன்பாதம் தானாக அழுத்தியது. நம் பேட்ச்சில் மிஷின் ஓட்டி ஓய்ந்த பாதிப் பேருக்கு இதே வியாதி என்று அன்றுதான் தெரிந்தது. படித்த கீர்த்தனாவுக்குத் தெரியாதது தைத்தவளுக்குத் தெரிந்தது. அன்று நான் பத்து நொடி நின்றேன். அவள் என்னை முதல்முறை அக்கா என்று கூப்பிட்டதும் அன்றுதான்.

அவள் எதற்கு வந்தாள் என்று பிறகு சொன்னாள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி கம்மி. தொழுகையில் எழுந்திருக்கும்போது ஒருமுறை சாய்ந்து விழுந்ததிலிருந்து, வீட்டில் நாற்காலி போட்டுவிட்டார்கள். முடியாதவர்கள் அப்படித் தொழலாம், தப்பில்லை. அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. "தல தரையில படணும்க்கா. அப்புறம் யாரையும் புடிக்காம நானே எந்திரிக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

அவ்வளவுதானே என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். பழைய சூப்பர்வைசர் புத்தி போகுமா? "இன்னும் ஒரு தடவ, இன்னும் ஒரு தடவ" என்று விரட்டினேன். ஒருநாள் நுரைத் திண்டின்மேல் ஒற்றைக்காலில் நின்றவள் மடங்கி விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. இனி ஜிம் வேண்டாம் என்று அவள் மகன் சொல்லிவிட்டார். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு இருந்த ஒரே ஆசையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று குமைந்தேன். பதினோராம் நாள் படியேறி வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "பன்னெண்டு வருஷம் உங்க திட்டையே தாங்கினேன், முட்டி வலி இன்னா பெருசா? பேஜார் பண்ணாம பலகைய எடுங்க."

அந்த நாளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மதியத் தொழுகை நேரத்தில் வழக்கமாகத் துண்டு மாட்டும் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள். அன்று நாற்காலியைத் தள்ளிவிட்டு விரிப்பைத் தரையில் விரித்தாள். நாம் எல்லோரும் கவனிக்காத மாதிரி திரும்பிக்கொண்டோம். திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி, எதில் பார்த்தாலும் அவள்தான். மூன்று முறை தரையிலிருந்து எழ வேண்டும். முதல் முறை எழுந்தாள். இரண்டாம் முறை முட்டி நடுங்கியது. கீர்த்தனா ஒரு அடி முன்னால் வைத்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படி நிறுத்த எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது தெரியுமா! ஜமீலா எழுந்தாள். மூன்றாம் முறையும் எழுந்தாள். தொழுது முடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பியவள், நாம் நிற்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "பாஸா, ரிஜெக்டா?" ட்ரெட்மில்லில் இருந்தவர்கள்கூட இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அன்று அங்கே யாரும் அதற்குமேல் உடற்பயிற்சி செய்யவில்லை, பிரியாணி சாப்பிடப் போனோம்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். இப்போதுதான் ஏதோ கிண்டல் செய்துவிட்டுக் கண்மூடியவள் போல இருந்தாள். மருமகள் என் பக்கத்தில் வந்து, "நேத்து ராத்திரித் தொழுகையும் நின்னுதான் தொழுதாங்க ஆன்ட்டி, யாரும் புடிக்கல" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் அழுகை நின்று மனசு நிறைந்தது.

அவளை எடுத்துப்போகும் வரை அந்தத் தரையிலேயே இருந்தேன். கிளம்பும்போது என் வயசைப் பார்த்து நாலு பக்கமிருந்தும் கைகள் நீண்டன. வேண்டாம் என்று தலையசைத்தேன். ஒரு முட்டியை ஊன்றி, பாதத்தைப் பதித்து, சுவரையும் தேடாமல் எழுந்து நின்றேன். அவளுடையது என்று என் வீட்டில் ஒரு பொருளும் இல்லை. இது இருக்கிறது.