செருப்பைக் கழற்ற வைத்த காரைக்குடி ஸ்டேஷன்

புது வீட்டுக்கு என்ன தரை போடுவது என்று மூன்று மாதமாக எங்கள் வீட்டில் பஞ்சாயத்து. எனக்குக் கையால் செய்யும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும். என் மனைவி கல்பனாவுக்குக் கடையில் விற்கும் வழவழ டைல்ஸ். "உங்க கல்லு ஆறே மாசத்துல மங்கிப்போகும், எழுதி வச்சுக்கோங்க" என்பாள். அது செய்யும் பட்டறைகளுக்கே போய் நேரில் பார்த்துவிடுவோம் என்று போன மாசியில் ஒரு சனிக்கிழமை திருச்சியிலிருந்து கிளம்பினோம்.

காலை 7:05 ரயில், ஏறக்குறைய 90 கி.மீ., ஆளுக்கு 50 ரூபாய். 8:40-க்குக் காரைக்குடி. ஆத்தங்குடிக்குப் போக வந்த எங்களை ஸ்டேஷனே பிடித்து நிறுத்தும் என்று யார் கண்டது?

பழைய கட்டடத்தை இடிக்காமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை, தேக்கு பெஞ்சுகளில் புது மெருகு. காத்திருப்போர் ஹாலை எட்டிப் பார்த்தால், அட, நம்ம ஆத்தங்குடிக் கல்! பச்சையும் சிவப்புமாகப் பூக்கள். ஆனால் மங்கலாக இருந்தது. கல்பனா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வாசலில் ஒருவர் வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அன்னதான வசூல் என்று நினைத்துச் சில்லறையை எடுத்தேன்.

"காசெல்லாம் வேணாண்ணே! செருப்பக் கழட்டிட்டு உள்ள அங்குட்டும் இங்குட்டும் நாலு நடை நடந்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

அவர்தான் தரை போட்ட மேஸ்திரி கருப்பையா. பதினேழு நாள் முட்டி தேயப் போட்ட தரை. போன வாரம் இன்ஜினியர் வந்து, "மங்கலா இருக்கே, சனிக்கிழமை பாப்பேன், இப்படியே இருந்தா பேத்துட்டு கிரானைட்தான்" என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சனிக்கிழமைதான் இன்று. பத்தரைக்கு வருகிறார்.

"தவிடு போட்டுத் தேச்சாச்சு, தேங்காண்ணெயும் விட்டாச்சு. இனிமே வெறுங்கால் பட்டாத்தாண்ணே இது மொகம் காட்டும். ஆனா எல்லாரும் செருப்போடயே வாராக."

செருப்பை வாசலிலேயே விட்டோம். நடந்தோம். முதலில் முணுமுணுத்த கல்பனா ஐந்தாவது சுற்றிலேயே மேஸ்திரியின் கட்சிக்கு மாறி, ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். அமராவதிபுதூர்க் கல்யாண கோஷ்டி ஒன்று, இருபது பேர், அவளிடம் மாட்டியது. "இதென்னக்கா கூத்து!" என்று சிரித்துக்கொண்டே பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்தார்கள். அவர்கள் ரயில் வந்ததும் ஒரே ஓட்டம். அந்தக் களேபரத்தில் என் இடது செருப்பும் கல்யாணத்துக்குப் போய்விட்டது.

பத்து மணிக்குப் பச்சை தெளிந்தது. அப்புறம் சிவப்பு. ஜன்னல் கம்பியின் பிம்பம் தரையில் தெரிந்ததும் கல்பனா கைதட்டினாள்.

"இன்ஜினியரய்யாகிட்ட மட்டும் யாரும் கழட்டச் சொல்லிறாதீக, கோவிச்சுக்கிருவாரு" என்று கருப்பையா எச்சரித்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

10:40. இன்ஜினியர் போனில் பேசிக்கொண்டே வந்தார். சிவகங்கைக்காரராம். வாசலில் நின்றார், தரையைப் பார்த்தார். பேச்சை நிறுத்தாமலே ஒரு காலால் மறுகால் ஷூவைத் தள்ளிக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். குனிந்து சாக்ஸையும் உருவிவிட்டு உள்ளே வந்தார். ஹாலின் நடுவில் வந்து நின்றபோதுதான் தன் காலைப் பார்த்தார்.

"மேஸ்திரி, நான் எதுக்குய்யா ஷூவக் கழட்டுனேன்?"

"தெரியலீங்கய்யா" என்றார் கருப்பையா. கண் கலங்கிச் சிரித்தார்.

"அப்பறம் என்னத்தப் பேக்கிறது? அடுத்த ஹாலுக்கும் இதே கல்லயே சொல்லிருய்யா."

எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில சங்கதிகள். ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அங்கிருந்து ஆத்தங்குடி சுமார் 20 கி.மீ.; போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆட்டோவுக்கு 900 ரூபாய் கொடுத்தோம். பட்டறைகளுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், நாங்கள் முக்கால் மணி நேரம் வெளியே நின்றோம். தொலைந்தாலும் பரவாயில்லாத பழைய செருப்பு போதும். புதுச் செருப்புக்கு எனக்கு 180 ரூபாய் தண்டம்.

பட்டறையில் பூவைத் தேர்ந்தெடுத்தது கல்பனாதான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயிலில் திரும்பும்போதே சட்டமும் போட்டுவிட்டாள். புது வீட்டுக்கு வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். வாசலில் நின்று, தரையைப் பார்த்ததும் தானாகக் கழற்றுகிறார்களா என்று அவர்கள் காலை மட்டும் பார்க்க வேண்டுமாம்.