மேலே கட்டிய கண்கள்

ஜான் பாஷாவுக்கு ஒரு வீம்பு உண்டு. தான் மாட்டிக் கொடுத்த ஷட்டருக்காக, அதே கோளாறு என்று சொல்லி யாரும் தன்னை இரண்டாம் முறை கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் முகமாக இருக்காது. வீட்டில் மனைவி முன்னி அவரிடம் குழம்பில் உப்பு சரியா என்றுகூடக் கேட்க மாட்டாள்.

செஞ்சி கடைத்தெருவில் பாதி ஷட்டர்கள் அவர் கைபட்டவை. சவூதியில், தம்மாமில் கிடங்குகளுக்கு மோட்டார் ஷட்டர் மாட்டும் வேலையில் சில வருஷம் இருந்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பி, திருவண்ணாமலை ரோட்டில் பட்டறை போட்டவர். நவாப் காலத்தில் வந்து தங்கிய குடும்பம். மலையும் கோட்டையும் அவருக்கு வேடிக்கை இல்லை; வெயில் எப்போது பட்டறைக்குள் வரும் என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். ஊரில் கார் பெருகப் பெருக, வீட்டுக் கார் ஷெட்டுக்கும் மோட்டார் ஷட்டர் கேட்டார்கள். முதலில் ரிமோட் போதும் என்றார்கள். பிறகு ரிமோட்டும் பழசாகிவிட்டது; போனில் அமுக்கினால் திறக்க வேண்டும் என்றார்கள். ஜான் பாஷா சலிக்கவில்லை. அதற்கென்று ஒரு சின்ன டப்பா வருகிறது. அதை மோட்டாரோடு சேர்த்து வீட்டு வைஃபையில் கோத்துவிட்டால், அமெரிக்காவில் இருந்தபடிகூட செஞ்சி ஷட்டரை இறக்கலாம். அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு செஞ்சி ஷட்டரோடு என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை.

பார்த்திபன் வீட்டு வேலை அப்படி வந்ததுதான். பார்த்திபனுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் உத்தியோகம். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் விடியலில் பஸ் ஏறிவிடுவான். கார் ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். வீட்டில் மனைவி ரஞ்சிதம் தனியாக இருப்பாள். ஏற்கெனவே இருந்த மோட்டார் ஷட்டருக்கு டப்பாவும் சென்சாரும் மாட்டச் சொல்லி, வேலை முடிந்ததும் பார்த்திபன் கேட்டான்.

"நான் அங்கருந்து மூடறேன். குறுக்கே யாராச்சும் இருந்தா இன்னா ஆவும் பாய்?"

"இறங்காது தம்பி. கீழ ரெண்டு பக்கமும் கண்ணு வெச்சிருக்குது பாரு, ரெண்டும் ஒன்னையொன்னு பாத்துனே இருக்கும். நடுவுல பூனை வந்தாக்கூட ஷட்டர் மேல ஏறிக்கும்" என்றார் ஜான் பாஷா. காலை நடுவில் நீட்டிக் காட்டினார். ஷட்டர் ஏறிக்கொண்டது. பார்த்திபன் குழந்தை மாதிரி நாலைந்து தடவை காலை நீட்டி நீட்டிப் பார்த்தான்.

தொல்லை அமாவாசையில் ஆரம்பித்தது. ரஞ்சிதம் அமாவாசை தவறினாலும் திருஷ்டிப் பூசணிக்காயைத் தவறவிட மாட்டாள். காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, காரையும் வீட்டையும் சுற்றி, ஷெட் வாசலில் ஓங்கிப் போட்டு உடைப்பாள். குங்குமமும் பூசணித் தண்ணீரும் நாலாபக்கமும் தெறிக்கும். தெறித்தது கீழே இருந்த கண்ணிலும் அப்பிக்கொள்ளும். கண் மறைந்தால் ஷட்டருக்கு யாரோ குறுக்கே நிற்கிற கணக்குதான். என்ன அமுக்கினாலும் இறங்காது. உடனே ஜான் பாஷாவுக்குப் போன் வரும். அவர் வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார். அடுத்த அமாவாசைக்கும் அதே போன், அதே குங்குமம்.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளிப் போட்டு உடைக்கக் கூடாதா?" என்றார் ஒருமுறை.

"வாசல்ல உடைச்சாதான் பாய் திருஷ்டி போவும். ரோட்டுல உடைச்சா ரோட்டுக்குத்தான் போவும்" என்றாள் அவள். துடைத்துக்கொள்ளச் சொல்லியும் பார்த்தார். எதையாவது தொட்டு ஷாக் அடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். ஒரு மூடி செய்து போட்டிருக்கலாம். பட்டறையில் தகரம் இல்லாமலா போய்விட்டது? ஆனால் அன்றைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டத்தில் ரோடு அடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார். எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. ஏணியைப் போட்டார். இரண்டு கண்களையும் கழற்றி, மேலே ஆங்கிள் இரும்பில் எதிரும் புதிருமாக, ஒரு சாண் இடைவெளியில் கட்டுக்கம்பியால் இறுக்கினார். அங்கே குறுக்கே வர பல்லிகூடக் கிடையாது. ஷட்டர் அப்போதே இறங்கிற்று.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ரஞ்சிதம், "இனிமே அடிக்கடி உங்கள கூப்புட வேணாம் இல்ல?" என்றாள்.

"வேணாம்மா" என்றார் ஜான் பாஷா. பார்த்திபனிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டதாகப் பின்னாளில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மறக்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஒலிபெருக்கி காதைப் பிளந்துகொண்டிருந்தது. ரஞ்சிதம் ஷெட் வாசலில் தெருவைப் பார்க்க உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலமாவுக் கிண்ணம் முதுகுக்குப் பின்னால், ஷெட்டுக்கு உள்ளே இருந்தது. ஒரகடத்தில் பார்த்திபன் டீ இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தான். ஷட்டர் திறந்திருக்கிறது என்றது போன். இவளுக்கு எத்தனை தரம் சொல்வது என்று கடுப்போடு அமுக்கினான். மாவு எடுக்கத் திரும்பாமலே கையைப் பின்னால் விட்டிருந்தாள் ரஞ்சிதம். ஷட்டரின் அடிப்பட்டை அவள் வலது மணிக்கட்டின்மேல் இறங்கிச் சிமெண்டோடு அழுத்தியது. அவள் கத்தியது அம்மன் பாட்டில் கரைந்துவிட்டது. எதிர்வீட்டுப் பூங்குழலி தற்செயலாகப் பார்த்து ஓடி வந்து, வீட்டு வழியாக ஷெட்டுக்குள் போய் மெயினை அணைத்து, சங்கிலியை இழுத்து ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் கை வெளியே வந்தது.

சேதி கேட்டு ஜான் பாஷா வண்டியில் பறந்து வந்தபோது, ரஞ்சிதத்தை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். ஷெட் திறந்து கிடந்தது. பாதிக் கோலம் மிதிபட்டுக் கிடந்தது. அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஏணியைப் போட்டு ஏறி, கட்டுக்கம்பியை அறுத்து, கண்கள் இரண்டையும் பழைய இடத்தில் மாட்டியதுதான். கை நடுங்காமல் மாட்டினார். அவருக்கு அதுதான் பிற்பாடு அதிகமாக உறுத்தியது.

இறங்கி நிற்கும்போதே பார்த்திபன் போன் செய்தான். பஸ்ஸில் இருந்தான்.

"கண்ணு இருந்துச்சே பாய். ஏன் நிக்கல?"

ஜான் பாஷா அறுத்த கட்டுக்கம்பியைக் காலால் ஒதுக்கினார். "மிஷின்தானே தம்பி. சில நேரம் பிடிக்காது. பாத்துட்டுத்தான் அமுக்கணும்."

மறுமுனையில் பார்த்திபன், "ஆமா பாய். பாக்காம அமுக்கிட்டேன். கோவத்துல அமுக்கிட்டேன்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தால் ஜான் பாஷா தப்பித்தார். ஆனால் அதன் பிறகு சோறு இறங்கவில்லை. ரஞ்சிதத்தின் கையில் தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். திருகாணி என்ற சொல்லைக் கேட்டாலே பட்டறையில் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அதைவிட ஒரு பயம் அரித்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கண்கள் எங்கே இருந்தன என்று அவளுக்குத் தெரியும். இன்று சொல்வாள், நாளை சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் முன்னியிடம் சொன்னார்.

"கை போனது ஒரு பக்கம். அந்தப் பையன் தான்தான் ஒடிச்சேன்னு நெனச்சினு இருக்குது. அதை எப்படி நீங்க பாத்துனு இருக்கீங்க?" என்றாள். "போய் சொல்லிட்டு வாங்க."

போக ஒரு சாக்கும் கிடைத்தது. பார்த்திபனே கூப்பிட்டான். அந்த வைஃபை டப்பாவைக் கழற்றி எடுத்துப் போய்விடுங்கள், அதைப் பார்க்கவே முடியவில்லை என்றான்.

ஜான் பாஷா போனபோது வீடே வேறாக இருந்தது. பார்த்திபன் லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தான். பாத்திரம் அவன் கழுவிக் கவிழ்த்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரஞ்சிதத்துக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தான். பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் தலையைக் கொடுத்திருந்தாள். பாய்க்கு டீ போட வேண்டும் என்று அவன் பால் வாங்கக் கிளம்பினான்.

அவன் தெரு திரும்பியதும் ரஞ்சிதம் சொன்னாள். "இன்னாத்துக்கு வந்தீங்கன்னு தெரியுது பாய். டப்பாவ கழட்டிட்டுப் போங்க. வேற எதும் பேச வேணாம்."

"தங்கச்சி, நான் செஞ்ச தப்புக்கு அந்தத் தம்பி..."

"தப்பு எனக்கும் தெரியும். ஏணியப் புடிச்சது நான்தானே." அவள் குரல் ஏறவே இல்லை. "கல்யாணம் ஆனதுலருந்து அவரு என்கிட்ட உக்காந்து பேசினதே இல்ல பாய். அவரு ஊட்டுக்கு வராரோ இல்லையோ, ஷட்டர் ஒழுங்கா இறங்கும். இறங்கினா, ஏன் தொறந்து வெச்சேன்னு ஒரு போன். அவ்ளோதான் குடும்பம். இப்பதான் சாப்டியான்னு கேக்கறாரு. இங்க பக்கத்துலயே ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்காரு. நீங்க சொல்லிட்டா அவரு மனசு லேசாயிடும். லேசாயிட்டா போயிடுவாரு."

ஜான் பாஷா சரி என்று தலையாட்டினார். ஏணியில் ஏறி டப்பாவைக் கழற்றினார். சொல்லாமல் இருப்பதும் ஒரு பரிகாரம்தான், இந்தப் பெண் கேட்டதையாவது செய்வோம் என்று நினைத்தார். அந்த நினைப்பு அவரைத் தாங்கியது கொஞ்ச நேரம்தான்.

பார்த்திபன் டீயோடு வந்தான். டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கழற்றி வைத்த டப்பாவைப் பார்த்தான். "போனத் தொடவே பயமா இருக்குது பாய். தூக்கத்துல விரல் அமுக்குது. இவ கத்தறா. எனக்குக் கேக்கல. தினம் இதே கனவுதான்" என்று அழுதான்.

பிறர் அழுகையைத் தாங்குகிற மனசு ஜான் பாஷாவுக்கு எப்போதும் கிடையாது. அதைவிட, தன் நெஞ்சில் கிடந்த கல்லை இன்னொரு நாள் சுமக்கிற தெம்பும் அவரிடம் இல்லை. இரண்டில் எது பெரிசு என்று அந்த நேரத்தில் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"தம்பி, கண்ணு ரெண்டையும் மேல தூக்கிக் கட்டினது நான். நீ அமுக்கினதுல தப்பு இல்ல. கண்ணு எடத்துல இருந்திருந்தா ஷட்டர் நின்னிருக்கும். மிஷின் பிடிக்கலன்னு சொன்னது பொய்."

பார்த்திபன் அழுகையை நிறுத்தினான். "அப்ப, நான் இல்லையா?" என்று கேட்டான். அந்த முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. கோபம் அப்புறம் வந்தது. வாயில் வந்ததெல்லாம் திட்டினான். டீ டம்ளரைத் தட்டிவிட்டான். ஆஸ்பத்திரிச் செலவைத் தந்துவிடுகிறேன் என்றதற்கு, உன் காசு யாருக்கு வேணும், வெளிய போ என்றான். ஜான் பாஷா அத்தனையும் நின்று வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். முன்னி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அடித்துப் போட்டது போலத் தூங்கினார்.

சில நாள் கழித்துப் பார்த்திபன் போன் செய்தான். குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. நடந்தது நடந்துவிட்டது பாய் என்றான். டியூட்டியில் சேர்ந்துவிட்டானாம், பக்கத்தில் கேட்டிருந்த வேலை இனி வேண்டாமாம், சம்பளம் குறைவாம். "டப்பாவ மறுபடி மாட்டிடுங்க. இந்தத் தடவ கண்ணுக்கு ஒரு மூடி போட்டு நல்லா மாட்டுங்க. ஊட்ல அவ ஒண்டியா இருக்கா, நான் இங்கருந்து பாத்துக்கணும் இல்ல?"

ஜான் பாஷா தகரத்தில் மூடி வெட்டி எடுத்துக்கொண்டு போனார். ரஞ்சிதம் கதவைத் திறந்தாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பின்னாத முடியை அப்படியே அள்ளி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். விலகி வழி விட்டாள். அவர் மூடியை மாட்டினார், டப்பாவைக் கோத்தார், வாசலில் கை நீட்டி ஷட்டர் நிற்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். நின்றது. இந்த வேலைக்கு இனி யாரும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை.

சாமான்களைப் பையில் போடும்போது தலை நிமிராமல், "மன்னிச்சிடு தங்கச்சி" என்றார்.

"நீங்க சொல்லிட்டீங்க. அவரும் போயிட்டாரு" என்றாள் ரஞ்சிதம். "ஒங்க ரெண்டு பேருக்கும் இப்ப நல்லா தூக்கம் வரும்."

அவர் வெளியே வந்து வண்டியை எடுக்கும்முன் ஒரகடத்திலிருந்து பார்த்திபன் அமுக்கிப் பார்த்தான். ஷட்டர் சத்தமில்லாமல் இறங்கியது. அவள் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். முதலில் முகம் மறைந்தது, பிறகு கட்டுப்போட்ட கை, கடைசியில் பாதம். ஜான் பாஷாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லத்தான் அவன் கூப்பிடுகிறான் என்று அவருக்குத் தெரியும். எடுக்காமல் நின்றார்.