திரும்பாத கழுத்து

வானொலி என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. முனைச் சலூனில் முடி வெட்டுகிறவர். கத்தரியைவிட வாய் வேகமாக ஓடும் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, காதையும் சேர்த்து வெட்டிடப் போறீங்க" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைக் கன்னத்தில் வைப்பார். தலை தானாகத் திரும்பும். எப்பேர்ப்பட்ட வீம்புக்காரனும் தன் விரலுக்குக் கட்டுப்படுவான் என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவருடைய தம்பிக்கு மனநோய். யாரோ தன்னைத் திட்டுவது காதில் விழுகிறது என்று சோறு தண்ணீர் இல்லாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தவன், மாத்திரை ஆரம்பித்ததும் தேறினான். சலூனைப் பெருக்கினான், துண்டு மடித்தான், அண்ணனின் அறுவையையும் பொறுத்துக்கொண்டான். ஒரே ஒரு வம்பு, மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பிவிடுவான். ஒவ்வொரு முறையும் நோய் திரும்பியது. அதனால் அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். பாசம்தான், வேறொன்றுமில்லை.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிய வாரம் அது. விடுமுறை நாள் காலையில், மூடிய சலூனுக்குள் தம்பியை உட்காரவைத்துச் சவரம் செய்வது வானொலியின் வழக்கம். அன்று தம்பியின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கன்னத்தில் விரலை வைத்தார். கழுத்து அசையவில்லை. தாடையும் இறுகிக் கிடந்தது.

"திரும்புடா. திரும்புங்கிறேன்ல?"

தம்பி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்திரையத் துப்பிட்டே, அதான் பழையபடி ஆரம்பிச்சுட்டே. யார்கிட்ட காட்டுற உன் வீம்ப?"

உள்ளே வந்த அவர் மனைவி கொழுந்தனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறிவிட்டாள். "என்னங்க, உடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"சும்மா இரு. மாத்திரை உள்ள போனா எல்லாம் சரியாயிடும்."

மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்தார். இறுகிய பற்களுக்கு இடையே கரண்டியை நுழைத்துப் புகட்டினார். இனி துப்ப முடியாது என்று அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. 

மதியத்துக்குள் தம்பிக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கைகால் மரக்கட்டையாக விறைத்துவிட்டது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அலறி அடித்துக்கொண்டு வண்டி பிடித்தார்கள்.

"கடைசியா எப்ப மாத்திரை குடுத்தீங்க?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார்.

"காலையிலதான் டாக்டர். விடாம நானே கரைச்சுக் குடுத்தேன்."

டாக்டர் சீட்டில் இருந்த மருந்தின் பெயரை அடித்தார். "இனி அது வேண்டாம். அந்த மருந்துதான் இப்படிப் பண்ணியிருக்கு. ரொம்ப அபூர்வமா வரும். வந்தா உசுருக்கே ஆபத்து. உங்க மேல தப்பில்ல, தெரிஞ்சிருக்காது. ஆனா இப்படி ஜுரமும் விறைப்பும் சேர்ந்து வந்தா உடனே தூக்கிட்டு வந்துடணும்."

வானொலிக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. எத்தனையோ கழுத்தைத் திருப்பிய விரல், இது வீம்பு இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டது. அவர்தான் கேட்கவில்லை.

சிறுநீரகம் பழுதாகி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் கிடந்து, தம்பி பிழைத்தான். வேறு மருந்துக்கு மாற்றினார்கள். வீடு திரும்பியபோது பாதி உடம்புதான் இருந்தது. துண்டு மடிக்கக் கை நடுங்கியது. சலூனில் வானொலியின் சத்தமும் நின்றுபோயிருந்தது.

முதல் சவரத்துக்கு உட்காரவைத்தார். நுரை தடவினார். கன்னத்துக்குப் போன விரல் பாதியிலேயே தயங்கி நின்றது.

"அண்ணா" என்றான் தம்பி, மெதுவாக. "அன்னிக்கு நீ சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. திரும்பத்தான் பாத்தேன். முடியல."

"தெரியும்டா."

"மாத்திரையையும் துப்பலண்ணா. அந்த வாரம் ஒண்ணுகூடத் துப்பல. நீ சந்தோஷப்படுவேன்னு எல்லாத்தையும் முழுங்கினேன்."

வானொலி கத்தியைக் கீழே வைத்தார்.  தம்பி தானாகவே கழுத்தை மெல்லத் திருப்பிக் கொடுத்தான்.