பாஸ்வேர்டோடு மணையில் உட்கார்ந்தவர்

போன ஞாயிறு உத்திரமேரூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை முருகவேல், மானாம்பதியில் இருக்கும் என் நண்பரின் மகன். சென்னையில், இன்டர்நெட்டில் மளிகை விற்கும் ஒரு குட்டி ஸ்டார்ட்-அப்பில் புரோகிராமராகச் சேர்ந்தார். சமீபத்தில் டெக்னாலஜி ஹெட் ஆக்கிவிட்டார்கள். கீழே நாலு பேர்.

“என் கை படாம ஒரு வரி வெளிய போவாது, சார்” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

காலையில் காப்பு கட்டி, நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி வந்தார் - அந்த நால்வரில் ஒருவர். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு வந்த முகமாக இல்லை.

“சார், சைட் படுத்துடுச்சு. நேத்துலேர்ந்து ஒரு ஆர்டர்கூட வரல.”

மண்டபத்தில் போன் கிடையாது. செல்போனுக்கு சிக்னல் கிடையாது. மறுநாள் திங்கட்கிழமை, கம்பெனியில் பணம் போடுகிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். சைட் எழாவிட்டால் கம்பெனியே எழாது.

“தப்பு எங்கன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார் முருகவேல்.

“சரியே பண்ணிட்டோம் சார். சர்வர்ல ஏத்தணும். பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்திக்கு இலை போட்டாயிற்று... சமையலறைச் சாவி மாப்பிள்ளை மடியில்!

அடுத்து நடந்தது அதைவிட அதிர்ச்சி. கன்னத்து மஞ்சளோடு முருகவேல் எழுந்தார். “ஒரு கார் சொல்லுங்க. நானே போய்ப் பாத்துட்டு ஏத்தறேன்.”

அவர் அம்மா கையைப் பிடித்து இழுத்தார். “காப்பு கட்டிக்கினு ஊரு எல்லய தாண்டுவியா? இன்னா நைனா, புத்தி கீதா உனக்கு?”

பெண்ணின் அப்பா நிதானமாகக் கேட்டார். “ஆபீஸ்ல மத்தவங்கல்லாம் இன்னாத்துக்கு கீறாங்க மாப்ள? டீ குடிக்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. “நம்பிக்கை இல்லன்னா எங்கள ஏன் சார் வேலைக்கு எடுத்தீங்க?”



முருகவேல் அவரை அருகே அழைத்து, காதில் பாஸ்வேர்டைச் சொன்னார். பெண் வீட்டுப் பக்கம் சில புருவங்கள் உயர்ந்தன. செல்வி, ஆபீசுக்குப் போன் போட, மண்டபத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். மாப்பிள்ளை மந்திரம் சொன்னார், கண் வாசலிலேயே இருந்தது.

செல்வி ஓடி வந்தார். “எழுந்துடுச்சு சார்! ஆர்டர் வருது!”

நிம்மதியை எதிர்பார்த்து முருகவேல் முகத்தைப் பார்த்தேன். அடி வாங்கிய முகம். “நான் பாக்கவே இல்லியே...” என்றார்.

புரோகிராம் எழுதுகிறவர் வராவிட்டால் வேலை நிற்கும். அதுதான் அவருக்கு மரியாதை. தலைமைக்கு வந்தபின், அவர் வராவிட்டாலும் வேலை நடக்க வேண்டும். அதுவும் மரியாதைதான் என்று அவருக்கு யார் சொல்வது?

முகூர்த்தம் வந்தது. தாலியில் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டும் நாத்தனார் முறை. அக்கா கை நீட்டி நிற்கிறார்... இவர் விடவில்லை.

“கைய எடுடா! மீதிய நான் பாத்துக்கறேன்!”

எடுத்தார். ஆனால், எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.