முட்டுக் கொடுத்த தேங்காய்

பிரேக் ஆயில் விரலில் பட்டால் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவின பிறகும் சோறு பிசையும்போது லேசாக மணக்கும். மீன்தண்ணீரும் ஈரச்சாக்கும் நாறிக்கிடந்த எங்கள் பிக்கப் வண்டியில் அந்த மணம் வந்தால் மட்டும் எனக்குப் பயம் வரும். இன்ஜின் சூடானால் அப்பா தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பார், ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். ஆனால் அந்த மணம் வந்தால் பின்சக்கரத்தில் ஆயில் கசிகிறது, பிரேக் போகப்போகிறது என்று அர்த்தம். ஏறினால் மேடு, இறங்கினால் கடல் என்று கிடக்கிற போர்ட் பிளேரில் பிரேக் இல்லாத வண்டியை எங்கே ஓட்டுவது?

தூத்துக்குடியிலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்த அப்பா, ஜங்லிகாட் படகு ஜெட்டியிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டி என்னைவிட மூத்தது. அதன் ஹேண்ட்பிரேக் கேபிள் எப்போதோ அறுந்துபோயிருந்தது; முதல் கியரோ, கையால் பிடித்திருக்காவிட்டால் தானாகக் கழன்றுகொள்ளும், "கியரு துப்புது" என்பார் அப்பா. ஷாதிபூரில் எங்கள் வீட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தினால், டயருக்கு அடியில் கொடுக்கும் பாதாக் மரக்கட்டை ஒன்றுதான் எங்களுக்கு ஹேண்ட்பிரேக்.

எனக்கு ஒன்பது வயதான அந்த மழைக்காலத்தில் ஆயில் கசியத் தொடங்கியது. மாற்ற வேண்டிய ரப்பர் "மெயின்லேண்டிலிருந்து" வர வேண்டும், கப்பலோ காற்று மழையில் தாமதம். இரண்டு வாரம் அப்பா பெடலை மூன்று நான்கு முறை மிதித்துத்தான் வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே மாதாவைக் கும்பிட்டபடி பள்ளிக்கூடம் போவேன். ஒருவழியாகக் கப்பல் வந்தது, ரப்பரும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அதைத் தானே மாட்டினார். அதற்குப் பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கு இரண்டு ஆள் தேவை: ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்துச் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது எப்போதும் அம்மாதான். அன்று அம்மா மாதா கோயில் வேலைக்குப் போயிருந்தாள்.

கட்டையையும் காணோம். அடுப்படிக்குள் மழைத்தண்ணீர் வருகிறதென்று அம்மா அதை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. அடுத்த மழை இருட்டிக்கொண்டு வந்தது. கதவு அடிக்காமலிருக்க, பீப்பாய் உருளாமலிருக்க, எதற்கும் எங்கள் பக்கம் தேங்காய்தான். அப்பாவும் வேலியோரம் விழுந்துகிடந்த இரண்டு தேங்காயை மட்டையோடு எடுத்துவந்து மேட்டைப் பார்த்து நின்ற வண்டியின் பின்டயர்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆவாது. கியர மட்டும் விடாத. நான் 'சோட்', விடுன்னு சொல்லுத வரைக்கும் கால எடுக்காத, எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிரும். பெடலு கீழ போவும், பயப்படாத புள்ள."

சீட்டின் நுனியில் சரிந்து, வலது காலைப் பிரேக்கிலும் இடது கையைக் கியரிலும் வைத்தேன். அப்பா அடியில் போனார். சைடு கண்ணாடியில் அவர் பாதங்கள் இரண்டு மட்டும் தெரிந்தன. பட்டறை வேலை என்றால் ஊர் முழுக்க இந்திதான், பெற்ற மகளிடமும் அவருக்கு இந்திதான் வந்தது. "தபாவ்!" மிதித்தேன். "பகட்கே ரக்!" பிடித்தேன். அவர் நிப்பிளைத் திறந்ததும் பெடல் என் காலடியில் சாவகாசமாகத் தரையைத் தொடும், அவர் மூடி "சோட்!" என்றதும் காலை எடுப்பேன். இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஐந்தாவது தடவை பெடல் தரையில் கிடந்தபோது பின்னால் "நெறுக்" என்று மட்டை நசுங்கும் சத்தம். ஜன்னலோரம் நின்ற மின்கம்பம் மெல்ல முன்னால் போனது. கம்பம் எப்படிப் போகும், வண்டிதான் பின்னால் உருள்கிறது என்று புரிவதற்குள் கியர் என் உள்ளங்கையை உதறிவிட்டுக் கழன்றது. காலை எடுக்காதே என்று சொல்லியிருக்கிறாரே! ஆனால் நிப்பிள் திறந்து கிடந்ததால் காலுக்கு அடியில் பிரேக்கே இல்லை. காலை எடுத்தேன். இரண்டு கையாலும் கியரைப் பிடித்து உடம்பு முழுவதையும் அதன்மேல் தள்ளினேன். கரகரவென்று பல் அரைபட்டு, ஒரு குலுக்கலோடு வண்டி நின்றது.

அடியிலிருந்து குரலே வரவில்லை. கண்ணாடியில் பாதங்கள் அசையவில்லை. அப்பா செத்துப்போய்விட்டார், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அழக்கூட வரவில்லை.

பிறகு ஒரு பாதம் அசைந்தது. தவழ்ந்து வெளியே வந்தவர் கதவைத் திறந்து, "யாருட்டி ஒன்ன கால எடுக்கச் சொன்னா? நான் சோட்னு சொன்னனா?" என்று கத்தினார். என் விரல்களைக் கியரிலிருந்து அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறந்த நாளிலிருந்து என்னை அவர் அப்படித் திட்டியதில்லை. பிறகு வீடெல்லாம் துழாவி, அரிசி டிரம்மைக் கவிழ்க்காத குறையாக நகர்த்திக் கட்டையை உருவி வந்து டயருக்குக் கொடுத்தார். அரிசி நனைந்துபோனதற்கு அம்மா அன்று முழுக்கப் பேசித் தீர்த்தாள். வண்டி உருண்டதைப் பற்றி நானும் அப்பாவும் அப்புறம் பேசியதே இல்லை. சொன்னதைக் கேட்காதவள் என்ற உறுத்தல் மட்டும் என்னோடு வளர்ந்தது.

இப்போது அந்த வண்டி இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. வீட்டுச் சரிவையும் வெட்டித் தாழ்த்திக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். அம்மாவும் இல்லை. இதே ஊரில் டாலிகஞ்ச் பக்கம் இருக்கும் என்னிடம் ஹேண்ட்பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிற கார் இருக்கிறது. போன மாதம் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காரை ஒரு மேட்டில் நிறுத்தினேன். அவர் இறங்காமல், கியரை இறுக்கிப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு டயரு வாரத நான் பாத்தேன் புள்ள. கத்த வாயத் தொறந்தேன், சத்தமே வரல. வெளிய வந்த பொறவுதான் வந்துது. அதத்தான் ஒன் மேல கத்திட்டேன்" என்றார்.

ஹேண்ட்பிரேக்கை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் கியரிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை அப்பாவும் இறங்கவில்லை.